சுற்றுப்பயண அணிக்குத் தலைவர் யார்?

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1933 வரை குதிரைப் பந்தயம் நடந்த இடமாக இருந்து, பந்தயங்கள் புக்கித் தீமாவுக்குப் போனபின் பொதுமக்களின் விளையாட்டுத் திடலாக மாறியது. நகராட்சி ஆணையர் குழுவின் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயர் திடலுக்கு வாய்த்தது. பழைய கதையைச் சொல்லப் பக்கத்து ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர் எஞ்சியிருக்கிறது, ஆனால் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் மீன்தலைக் கறிக்கும் அங்கே செல்வோருக்குக் குதிரைகளின் நினைவு வருவது ஐயமே. காற்பந்து, ஹாக்கி, ரக்பி, ஓட்டப்பந்தயம் எனப் பலவற்றுக்கும் இடங்கொடுத்த அந்தத் திடலில் ஆடிப் பழகியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுள் நாட்டுக்காக ஆடும் வாய்ப்புப் பெற்றவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் யார், அவர்களுக்கு யார் தலைவர் என்பதை முடிவுசெய்வது ஆட்டத்தை ஆடுவதைவிட எளிதான வேலையன்று.

ரக்பிக்கும் காற்பந்துக்கும் இந்த மண்ணில் ஒரே தொடக்கப்புள்ளி உண்டு. மலாய் மாநிலங்கள் கொடுத்த பணத்தில் கட்டப்பட்ட 'மலாயா' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921இல் இப்பகுதிக்கு வந்தபோது, உள்ளூர்க் குழுக்களோடு ஆடி மகிழ்ந்த அதன் மாலுமிகள், காற்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாகத் தந்தனர். காற்பந்துக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை வென்றது சிங்கப்பூர். அதன்பின் காற்பந்து எல்லாச் சமூகத்தாரின் ஆட்டமாகப் பரவ, ரக்பியோ நெடுங்காலம் ஐரோப்பியர் மன்றங்களிலும் தோட்டத் துரைமார், படைவீரர் இடையிலுமே பெரிதும் தங்கிவிட்டது. இருப்பினும் வெளியூர் சென்று ஆடும் அணிக்குத் தலைவரைத் தேர்வது பற்றி ரக்பி உலகம் கற்ற பாடங்கள் மற்ற ஆட்டங்களுக்கும் பொருந்துபவை.

ரக்பியில் ஓர் அணிக்குப் பதினைந்து பேர்; எட்டுப் பேர் முன்கள ஆட்டக்காரர்கள், ஏழு பேர் பின்கள ஆட்டக்காரர்கள். எதிரணி விதியை மீறினால் கிடைக்கும் தண்டனை உதையைக் கம்பங்களுக்கிடையே உதைத்து உறுதியான மூன்று புள்ளிகளை எடுத்துக்கொள்வதா, அல்லது பந்தைப் பக்கக்கோட்டுக்கு வெளியே உதைத்து, எதிரணியின் எல்லைக்கு அருகிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கி, கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைப்பதற்கான ஐந்து புள்ளிகளுக்கு முயல்வதா என்பதை ஓரிரு நொடிகளில் முடிவுசெய்து நடுவரிடம் சொல்பவர் அணித்தலைவர். பயிற்றுநர் அப்போது பார்வையாளர் மேடையில் இருக்கிறார். ஆதலால் ரக்பித் தலைவரின் பதவி வெறும் அலங்காரமாக இருக்க வழியில்லை.

சுற்றுப்பயணம் என்று வரும்போது இதனினும் பெரிய சுமை ஒன்று சேர்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் ஆட்டக்காரர்களைக் கொண்டு அமைக்கப்படும் 'லயன்ஸ்' அணி, முப்பதுக்கும் மேற்பட்டோரை அழைத்துக்கொண்டு பல வாரங்கள் வெளிநாட்டில் தங்குகிறது. முதன்மையான டெஸ்ட் ஆட்டத்தைப் பதினைந்து பேர் தொடங்க, மற்றவர்களுள் பெரும்பாலோர் வாரநடுவில் நடக்கும் சிறு ஆட்டங்களோடு மனநிறைவு கொள்ள வேண்டியிருக்கும். ஆட வாய்ப்பில்லாதவர்கள் மனம் கசந்து தனிக்கூட்டமாகப் பிரிந்துவிட்டால் பயணம் பாதியிலேயே தோற்றுவிடும். எனவே சுற்றுப்பயணத் தலைவர் ஆடும் பதினைவருக்கு மட்டும் தலைவரல்லர். ஆடாதவர்களுக்கே அவர் முதலில் தலைவர். அவர்கள் 'இவருடைய இடத்தில் நான் இருக்க வேண்டியவன்' என்று எண்ணத் தொடங்கும் இடத்தில் அவருடைய அதிகாரம் கரையத் தொடங்குகிறது.

இதற்கு 1983ஆம் ஆண்டு நியூசிலாந்துப் பயணம் தெளிவான சான்று. இரு அணிகளின் முன்கள ஆட்டக்காரர்களும் தோளோடு தோள் பிணைந்து தள்ளும் 'ஸ்க்ரம்' என்ற நிலையில், முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பவர் 'ஹூக்கர்' எனப்படுவார். அயர்லாந்தின் ஹூக்கரான கியரன் ஃபிட்ஸ்ஜெரால்ட் தலைவராக அறிவிக்கப்பட்டபோது, அதே இடத்துக்கு ஸ்காட்லாந்தின் காலின் டீன்ஸ் மேலானவர் என்ற பேச்சு எழுந்து, பயணம் முடியும்வரை ஓயவில்லை; நான்கு டெஸ்ட்களிலும் லயன்ஸ் தோற்றது. தோல்விக்குத் தலைவர் ஒருவரையே காரணமாக்குவது நேர்மையாகாது என்றாலும், தன் இடமே கேள்விக்குள்ளாகியிருக்கும் ஒருவர் பிறரை வழிநடத்துவது கடினம் என்பதை மறுக்க முடியாது. 1997இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ற அணியைத் தேர்ந்தவர்கள் வேறு வகையில் யோசித்தார்கள். மார்ட்டின் ஜான்சன் அப்போது தம் சொந்த நாடான இங்கிலாந்துக்குக்கூடத் தலைவராக இருக்கவில்லை. ஆனால் அவருடைய இடத்தைப் பற்றி எவரும் வாய்திறக்க முடியாது. அதோடு, நாணயம் சுண்டுவதற்காகத் தென்னாப்பிரிக்கர்களின் உடைமாற்றும் அறைக்கதவைத் தட்டி நிற்பவர் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள ஓர் ஆளாக இருக்கட்டும் என்றும் கருதினார்கள். காரணம் விளையாட்டுத்தனமாகத் தோன்றினும் லயன்ஸ் அத்தொடரை 2-1 என்ற கணக்கில் வென்றது.

தகுதியைப் பார்க்காமல் செல்வாக்கைப் பார்த்துத் தலைமையைக் கொடுத்த வரலாறு இந்தியக் கிரிக்கெட்டில் இருக்கிறது. 1932இல் இங்கிலாந்து சென்ற முதல் டெஸ்ட் அணிக்குப் போர்பந்தர் மகாராஜா தலைவராக அமர்த்தப்பட்டார். தம் ஆட்டத்தின் அளவை அறிந்த அவர், லார்ட்ஸ் டெஸ்டில் சி. கே. நாயுடுவிடம் தலைமையை ஒப்படைத்து விலகிக்கொண்டது பாராட்டுக்குரியது. கோலாலம்பூரில் பிறந்த லால் சிங் அந்த டெஸ்டில் ஆடியது மலாயாவுக்கும் அப்பயணத்தில் ஒரு பங்கைத் தந்தது. 1936இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவரான விஜயநகரம் மகாராஜ்குமாருக்கோ அந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை. டெஸ்ட்கள் தொடங்கும் முன்பே அணியின் ஆட்டக்காரரான லாலா அமர்நாத் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்ட்களில் 33 ஓட்டங்கள் எடுத்த தலைவருக்கு அதே ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி வாய்ப்பை விட்டுவிட்டு அந்தப் பயணத்துக்குச் சென்ற சென்னையின் எம். ஜே. கோபாலன் ஒரு டெஸ்டிலும் ஆடாமல் திரும்ப, ஹாக்கி அணியோ பெர்லினில் தங்கம் வென்றது. சுற்றுப்பயணத் தேர்வு ஒரு மனிதரின் விளையாட்டு வாழ்க்கையை எப்படித் திசைதிருப்பும் என்பதற்கு இதைவிடக் கசப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சிங்கப்பூரின் 1977ஆம் ஆண்டுக் காற்பந்து அணி இவற்றோடு ஒப்பிடத்தக்கது. 'அங்கிள் சூ' என்று ஆட்டக்காரர்கள் அழைத்த பயிற்றுநர் சூ செங் குவீ, முன்னர் மலாயா அணியையும் பயிற்றுவித்தவர்; தலைமுடி ஒழுங்காக இருக்க வேண்டும், தேசிய கீதத்தை வாய்திறந்து பாட வேண்டும் என்பதில்கூட விட்டுக்கொடுக்காதவர். மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேஷியர் எனக் கலந்திருந்த நகரத்தில் சமூகக் கணக்குப் பார்த்து அணியைப் பங்கிடும் ஆசை எழுவது இயல்பு. டோல்லா காசிமும் குவா கிம் சோங்கும், வளைந்து செல்லும் தம் உதைக்காகப் புகழ்பெற்ற எஸ். ராஜகோபாலும் திகழ்ந்த அந்தத் தலைமுறையில், ஆட்டமே அவர்களுக்கான பரிந்துரையாக இருந்தது. தலைவர் சமது அல்லாபிச்சை தற்காப்பின் நடுவில் ஆடியவர். கோல் அடிப்பவர்களின் பெயரைக் கூட்டம் முழங்கும். பின்னால் நின்று ஆட்டம் முழுவதையும் கண்முன்னே காண்பவரும், முன்னால் இருப்பவர்களைக் குரல்கொடுத்து நகர்த்துபவரும் தற்காப்பு ஆட்டக்காரரே. அவ்வணியில் சமதுவின் இடத்துக்குப் போட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த ஆண்டு மார்ச்சில் உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றின் தீர்மானமான ஆட்டத்தில் சிங்கப்பூர் தன் சொந்தத் தேசிய விளையாட்டரங்கிலேயே ஹாங்காங்கிடம் 0-1 எனத் தோற்றது. அத்தகைய தோல்விக்குப் பின் அணியைக் கலைத்துப்போடுவது தேர்வாளர்களின் வழக்கம். சூ அப்படிச் செய்யவில்லை. பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களோடு மே மாதத்தில் கோலாலம்பூரின் மெர்டேக்கா அரங்குக்குச் சென்ற அணி, அந்தப் போர்க்கப்பல் தந்த காற்பந்துக் கிண்ணப் போட்டியின் தொடர்ச்சியான மலேசியக் கிண்ணத்தின், கூடுதல் நேரம்வரை நீண்ட இறுதியாட்டத்தில் பினாங்கை 3-2 என வீழ்த்தி, 1965க்குப் பின் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தது. வெற்றிக்கோல் குவா கிம் சோங்குடையது. மூன்றாண்டுகள் கழித்து, ஜித்தா சிங் பயிற்றுநராகவும் பதினேழு வயது ஃபாண்டி அகமது தாக்குதல் ஆட்டக்காரராகவும் இருந்த 1980ஆம் ஆண்டு அணி சிலாங்கூரை வென்று மீண்டும் கிண்ணத்தைக் கைப்பற்றியபோதும், தலைவராக இருந்தவர் சமதுவே.