முட்டி வலிக்குக் கடன் கேட்கும் முன்



போன வருஷம் என் மாமியாருக்கு முட்டித் தேய்மானம். "சின்னதா ஓட்டை போட்டு உள்ளே கழுவிவிட்டா சரியாப் போகும்"னு ஒருத்தர் சொன்னார். அதுக்குக் குழுக்கடன் கேட்கலாம்னு இருந்தேன். பிசியோதெரபி சொல்லித்தரும் அக்காதான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாங்க.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில், முட்டித் தேய்மானம் உள்ள 180 பேரிடம் சம்மதம் வாங்கிச் செய்தது. சிலருக்கு முட்டிக்குள் கழுவினார்கள். சிலருக்குச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். மீதிப் பேருக்குத் தோலை மட்டும் கீறினார்கள். யாருக்கு எதுன்னு நோயாளிக்கும் தெரியாது, வலியைக் கேட்டு எழுதினவங்களுக்கும் தெரியாது. இரண்டு வருஷம் பார்த்தும், கழுவினவங்களுக்கு வலி கூடுதலாகக் குறையவில்லை. 2002இல் இது வெளிவந்தது.

முட்டி மாற்று ஆபரேஷன் வேற. அதை இதோடு சேர்க்காதீங்க.

இப்போ அத்தை தினமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குறாங்க. வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போட்டு காலண்டரில் எழுதுறோம். 8 இருந்தது, மூணு மாசத்தில் 5 ஆச்சு. முழுசாப் போகலை. ஆனா ரேஷன் கடைக்கு நடந்தே போறாங்க.

கடன் வாங்கும் முன் டாக்டரிடம் கேளுங்க: "இதைச் செய்யாமல் விட்டவங்க எப்படி இருக்காங்க?"