பூட்டிய வீடுகளும் அரசின் கடமையும்



பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்து, பணிக்காலம் முழுவதையும் அல்சூரிலும் மர்பி டவுனிலும் வாடகை வீடுகளிலேயே கழித்த ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் மேடை இது. அதனால் வீட்டைப் பற்றிப் பேசுவதே பொருத்தம் என்று எண்ணினேன். புதிதாகக் கட்ட வேண்டிய வீடுகளைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசுகிறார்கள். கட்டி முடிந்து, மின்சாரமும் காவிரித் தண்ணீரும் வந்த பிறகும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் தனியார் வீடுகளைப் பற்றி நான் பேசுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. அடுத்த ஆண்டே, அமிதாப் குண்டு தலைமையில் மத்திய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் வீடுகள் குறைகின்றன என்று சொன்னது. இந்தக் கணக்கை உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் சுமார் 80 விழுக்காடு கூரையே இல்லாதவர்களின் கணக்கு அல்ல. இருக்கும் ஓர் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் குடும்பங்களின் கணக்கு. மணமான மகனும் மருமகளும் பெற்றோரோடும் தங்கைகளோடும் ஒரே அறையில் படுக்கும் வீடுகள் அவை.

காலியாகக் கிடக்கும் அபார்ட்மெண்டில் இந்தக் குடும்பத்தைக் கொண்டுபோய் வைத்துவிட முடியாது, வாடகை கட்டுப்படியாகாது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வாடகைச் சந்தை ஒரே சங்கிலி. நடுத்தரக் குடும்பம் ஒன்று சற்று வசதியான வீட்டுக்கு மாறினால், அது விட்டுச் சென்ற சிறிய வீடு இன்னொருவருக்குக் கிடைக்கும். மேலே ஒரு வீடு பூட்டப்பட்டால் கீழே இருப்பவர்கள் எல்லோரும் இருந்த இடத்திலேயே நெருங்கி நிற்க வேண்டியதுதான்.

பெங்களூருக்கு வாடகை வீடுகளைத் தந்தது பெரும்பாலும் அரசோ பெரிய நிறுவனங்களோ அல்ல, சிறிய உரிமையாளர்கள். பழைய நாளில் ‘வட்டாரா’ என்று கன்னடத்தில் சொல்லும் ஒண்டுக்குடித்தன வீடுகள் இருந்தன. முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், ஒரே குழாய், பொதுக் கழிப்பறை. பிறகு முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் கீழே இரண்டு குடித்தனம் வைத்து, மாடியில் உரிமையாளர் குடியிருக்கும் வீடுகள் வந்தன. ஓய்வூதியமும் கீழ்வீட்டு வாடகையும் சேர்ந்துதான் பல முதியவர்களுக்குச் சோறு போடுகின்றன. பணக்கார வீட்டுக்காரர், ஏழைக் குடித்தனக்காரர் என்று இரண்டு கட்சியாகப் பிரித்து எழுதிய கொள்கைகள் இந்த ஊரைப் புரிந்துகொள்ளாமல் எழுதப்பட்டவை.

அப்படி எழுதப்பட்டதுதான் இந்த மாநிலத்தின் 1961 ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வீடு காலியானால் உரிமையாளர் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியிருந்தது. யாருக்கு வாடகைக்கு விடுவது என்று அதிகாரி உத்தரவிட முடிந்தது. ரேஷன் அரிசியைப் பங்கிடுவதுபோல் வீட்டைப் பங்கிட நினைத்தார்கள். நோக்கத்தில் குற்றமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வீட்டுப் பஞ்சத்தில் வேறு வழி தெரியவில்லை. ஆனால் தன் வீட்டில் யார் குடியிருப்பது, என்ன வாடகை, எப்போது திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றும் தன் கையில் இல்லாத உரிமையாளர் என்ன செய்வார்? உறவினரைக் குடிவைப்பார், இல்லையென்றால் பூட்டி வைப்பார். அந்தச் சட்டம் போய்விட்டது. அது விட்டுச் சென்ற அச்சம் போகவில்லை. 1961 இல் நகர்ப்புற வீடுகளில் 54 விழுக்காடு வாடகை வீடுகள், 2011 இல் அது 28 ஆகச் சுருங்கியது என்கிறது 2017–18 ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கை. சொந்த வீடு வாங்கியவர்கள் பெருகியது ஒரு காரணம். வாடகைக் கட்டுப்பாட்டையும் அந்த அறிக்கை காரணமாகக் காட்டுகிறது.

பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 1999 ஆம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. பல வகையில் நல்ல சட்டம். கணவரை இழந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், 65 வயதைக் கடந்தவர்கள் தாம் குடியிருக்கத் தம் வீட்டை விரைவாகத் திரும்பப் பெற அதில் வழி உண்டு. ஆனால் பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு அது பொருந்தாது என்று எழுதிவிட்டார்கள். இன்று இந்த நகரத்தில் 3,500 ரூபாய்க்கு எத்தனை வீடு கிடைக்கும்? மற்ற வீடுகளுக்கெல்லாம் 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டமும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் உரிமையியல் வழக்கும்தான் கதி.

இங்கேதான் பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கத்தைப் பார்க்க வேண்டும். நீதிமன்றம் தராத பாதுகாப்பை உரிமையாளர் குடித்தனக்காரரின் பணத்தில் தேடிக்கொள்கிறார். மாதம் 7,000 ரூபாய் வாடகை தரத் தயாராக இருக்கும் தையற்கூடத் தொழிலாளி 70,000 ரூபாயை எங்கே புரட்டுவார்? வட்டிக்கு வாங்குவார். காலி செய்யும்போது பெயிண்ட் செலவு, ரிப்பேர் செலவு என்று கழித்துக்கொண்டு மிச்சம் வரும். சில நேரம் அதுவும் வராது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதால் ஒப்பந்தமும் பதினொரு மாதத்துக்குத்தான். இருவருமே பயந்துகொண்டு வாழ்கிறார்கள். அந்தப் பயத்தின் விலையை இருவரிடமும் வசூலிப்பது அரசின் மெத்தனம் என்றே நான் சொல்வேன்.

வரியைப் பாருங்கள். பெங்களூரு மாநகராட்சி 2008 இல் கொண்டுவந்த சொத்துவரி முறையில், நிலமதிப்பு மிக அதிகமான ‘ஏ’ மண்டலத்துக் கான்கிரீட் வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் சதுர அடிக்கு வரியைக் கணக்கிடும் அலகு மதிப்பு 2 ரூபாய் 50 காசு. அதே வீட்டை வாடகைக்கு விட்டால் 5 ரூபாய். பின்னர் தொகைகள் உயர்ந்தன. வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு, நானே குடியிருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்குக் குறைந்த வரி. இன்னொரு குடும்பத்துக்கு இடம் கொடுப்பவருக்கு அதிக வரி. வருமான வரியும் இதே திசையில்தான் போகிறது. ஒருவர் தம் குடியிருப்புக்கென வைத்திருக்கும் இரண்டு வீடுகள் வரை வரிக்குரிய ஆண்டு மதிப்பைப் பூஜ்ஜியமாகக் கொள்ளலாம் என்று 2019 பட்ஜெட் சொன்னது. எந்தக் காரணத்தால் அங்கே குடியிருக்க முடியாமல் போனாலும் அந்தச் சலுகை உண்டு என்று 2025 பட்ஜெட் அதை இன்னும் எளிதாக்கியது. வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு இது நியாயமான சலுகை. ஆனால் இரண்டாவது வீட்டை வாடகைக்கு விட்டவுடன் வரி தொடங்கிவிடுகிறது.

கனடாவின் வான்கூவர் நகரம் 2017 இல் காலி வீடுகளுக்குத் தனி வரி போட்டது. மதிப்பில் 1 விழுக்காட்டில் தொடங்கி, 2021 இல் 3 விழுக்காடாக உயர்த்தியது. இங்கேயும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற குரல் கேட்கிறது. நான் அதற்கு எதிரியல்ல. ஆனால் வரிசை முக்கியம். குடித்தனக்காரர் காலி செய்ய மறுத்தால் சில வாரங்களில் தீர்ப்புக் கிடைக்கும் என்ற உறுதியைத் தராமல், வீட்டை ஏன் பூட்டினாய் என்று தண்டிப்பது அநியாயம். முதலில் நீதிமன்றம், பிறகு வாடகை வீட்டின் வரிச்சுமையைக் குறைத்தல், அதற்கும் அசையாதவர்களுக்கே காலி வீட்டு வரி.

அந்த நீதிமன்றத்துக்கான வரைவு கையில் இருக்கிறது. 2021 ஜூன் 2 அன்று மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டத்தில், குடியிருப்புக்கு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது. தனி வாடகை அதிகாரி, தனி வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும் அதன்பின் நான்கு மடங்கும் வாடகை கட்ட வேண்டும். தகராறு என்று சொல்லி உரிமையாளர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. வீட்டு வாடகை மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ள பொருள். தமிழ்நாடு முன்னதாகவே 2017 இல் தனிச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்தியது. கர்நாடகம் 1999 சட்டத்தைத் திருத்தியாவது இந்த இடத்துக்கு வர வேண்டும். அட்வான்ஸ் தொகையை உரிமையாளர் கையில் விடாமல் பொதுக் காப்பில் வைக்கும் ஏற்பாடும் வேண்டும். இங்கிலாந்தில் 2007 முதல் அங்கீகாரம் பெற்ற காப்புத் திட்டத்துக்குள் முன்பணம் வந்தே ஆக வேண்டும்.

பூட்டிய வீடுகளைப் போலவே பூட்டிய அறைகளும் இருக்கின்றன. மல்லேஸ்வரத்திலும் ஜெயநகரிலும் பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் எத்தனை பேர்! பிரிட்டனில் தாம் குடியிருக்கும் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கு ஆண்டுக்கு 7,500 பவுண்ட் வரை வருமான வரி இல்லை. இங்கே மூத்த குடிமக்களுக்கு மட்டுமாவது அதைக் கொடுத்துப் பார்க்கலாம். படிக்க வந்த பெண்ணுக்கு ஓர் அறை, அந்த அம்மாவுக்கு இரவில் கூப்பிட்ட குரலுக்கு ஓர் ஆள்.

சாதி கேட்டு, மதம் கேட்டு, சாப்பாடு கேட்டு வீடு மறுக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டம் எவ்வளவு திருந்தினாலும் ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கோ தலித் இளைஞருக்கோ தனியாக வாழும் பெண்ணுக்கோ கதவு திறக்கவில்லை என்றால் அந்த வீடு அவர்களைப் பொறுத்தவரை பூட்டிய வீடுதான். வரிச் சலுகை பெறும் உரிமையாளர் இந்தப் பாகுபாடு காட்டக் கூடாது என்பதை நிபந்தனையாகவே எழுத வேண்டும்.

இதையெல்லாம் தள்ளிப்போட முடியாததற்குத் தண்ணீரும் ஒரு காரணம். 2007 இல் மாநகராட்சியோடு சேர்ந்த 110 கிராமங்களுக்குக் காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீர் 2024 அக்டோபரில்தான் வந்தது. நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டரைச் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து மேடேற்றிக் கொண்டுவருகிறார்கள். ஊரை இன்னும் வெளியே தள்ளித் தள்ளிக் கட்டினால் ஒவ்வொரு லேஅவுட்டுக்கும் இதே பாடு. குழாய் ஏற்கெனவே போட்ட தெருவில் வீடு காலியாக இருப்பது பொதுப்பணம் வீணாவதே.

ஒரு முயற்சியை இப்போதே தொடங்கலாம். பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் தையற்கூடங்களைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை மாநகராட்சியே மூன்றாண்டுக்கு வாடகைக்கு எடுத்து, பெண் தொழிலாளர்களுக்கு அட்வான்ஸ் இல்லாமல் கொடுக்கட்டும். மாதந்தோறும் வாடகைக்கும் முடிவில் வீட்டைச் சரிசெய்து ஒப்படைப்பதற்கும் மாநகராட்சி பொறுப்பேற்கட்டும். எந்த வீடுகள் என்று தேட வீடு வீடாகப் போக வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மின்சாரம் ஓடாத மீட்டர்கள் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் கணக்கிலேயே இருக்கின்றன. அவற்றைச் சொத்துவரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, உரிமையாளர்களுக்கு முதலில் அழைப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். அபராத நோட்டீஸ் வேண்டாம்.