திங்கட்கிழமை வயிற்றுவலி



ஞாயிறு இரவு. படிவம் ஒன்றில் படிக்கும் மகள், "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறாள். பிறை தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குக் கிளம்பும் அம்மா தைலம் தேய்த்துவிட்டுப் போகிறார். காலையில் வாந்தி. கிளினிக்கில் எம்.சி. கிடைக்கிறது. பத்து மணிக்கெல்லாம் பிள்ளை தெளிந்துவிடுகிறாள். அடுத்த திங்களும் இதே கதை. மூன்றாவது வாரம் அப்பா, "நடிக்கிறாள்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

நடிப்பில்லை, வலி உண்மையானது. ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிறு புரளும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. வகுப்பில் எழுந்து மலாய்மொழியில் பேசச் சொன்னாலும் அதே ஏற்பாடுதான் வேலை செய்கிறது!

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சுமையும் உண்டு. இந்நாட்டில் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளை, 13 வயதில் பாடமொழி, ஆசிரியர், நண்பர் எல்லாம் மாறிய பெரிய பள்ளிக்குள் நுழைகிறது. உடம்பும் அதே வயதில்தான் மாறுகிறது.

2017-இல் சுகாதார அமைச்சு 13 முதல் 17 வயது மாணவர்களிடம் நடத்திய தேசிய ஆய்வில், ஐந்தில் இருவரிடம் பதற்ற அறிகுறிகள் காணப்பட்டன. அத்தனை பேரும் நோயாளிகள் என்று பொருளில்லை. அது கேள்வித்தாள் வழி எடுத்த கணக்கு.

எப்படிக் கண்டுகொள்வது? பதற்றம் பயந்த முகத்தோடுதான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பையன்களிடம் அது பெரும்பாலும் எரிச்சலாக, கதவை அறைந்து சாத்துவதாக வரும். சில பிள்ளைகள் ஒரே வரியைப் பத்து முறை அழித்து எழுதுவார்கள். சிலர் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போகாமல் பசியோடு வீடு திரும்புவார்கள். தூக்கம் கெடும். சனிக்கிழமை எல்லாம் சரியாக இருக்கும். அதுதான் முக்கியமான தடயம்.

முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்நோய் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு வாராவாரம் எம்.சி. வாங்காதீர்கள். வீட்டில் இருந்த நிம்மதி, "பள்ளி ஆபத்து, தப்பித்தாய்" என்று மூளைக்குப் பாடம் சொல்லிவிடுகிறது; அடுத்த வாரம் பயம் கூடும். அதற்காக அடித்து இழுத்துப் போவதும் கூடாது. படிப்படியாகப் போகவேண்டும். ஆலோசக ஆசிரியரிடம் பேசி வையுங்கள். முதல் நாள் அவர் அறைவரை, மறுநாள் இரண்டு பாடவேளை, பிறகு அரைநாள். பயம் இருக்கும்போதே ஒரு படி ஏறினால், பயம் தானாக இறங்குவதைப் பிள்ளை கண்டுகொள்ளும்.

"இதுக்கெல்லாமா பயம்? நாங்க ரப்பர் தோட்டத்துல..." என்று தொடங்காதீர்கள். "பயமா இருக்கா? எந்த நேரத்துல ரொம்ப?" என்று கேளுங்கள். மோட்டாரிலோ காரிலோ போகும்போது கேட்டால் பதில் சுலபமாக வரும். முகம் பார்க்கவேண்டியதில்லை அல்லவா?

கோயிலில் கயிறு கட்டுங்கள், தவறில்லை. ஆனால் வாரக்கணக்கில் பள்ளி, சாப்பாடு, தூக்கம் கெட்டால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். அங்கிருந்து மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புவார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை இதற்கு நன்றாகப் பயன் தருகிறது.

"செத்தா தேவலை" என்று பிள்ளை சொன்னால் அதட்டி அடக்காதீர்கள். அந்த எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அது வளராது. சுகாதார அமைச்சின் 15555 எண்ணில் பெற்றோரும் பேசலாம். போலீஸ் வழக்கு வருமே என்று பல குடும்பங்கள் மூடிமறைத்தன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. நள்ளிரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குத் தயங்காமல் அழைத்துப் போங்கள்.