மாட்சா: பெரிய டின் லாபமல்ல



ஜப்பானிய மாட்சா தேநீர்த் தூள் இன்று பேரங்காடிகளில் பல விலைகளில் கிடைக்கிறது. அதிக விலை கொடுத்து வாங்கிவிட்டு, "ஒரே கசப்பு" என்று அலமாரியில் ஒதுக்கி வைப்பவர்கள் உண்டு. குறை பல வேளைகளில் தேயிலையில் இல்லை. வாங்கும் முறையிலும் வைக்கும் முறையிலும்தான் இருக்கிறது.

இலை பறிப்பதற்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்பே செடிகளுக்கு நிழற்பந்தல் போடுகிறார்கள். வெயில் குறைவதால் இலை கரும்பச்சையாகிறது, கசப்பும் குறைகிறது. பறித்த இலையை ஆவியில் அவித்து, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திரிகையில் அரைக்கிறார்கள். ஒரு திரிகை ஒரு மணி நேரத்தில் சுமார் 40 கிராம்தான் அரைக்கும். விலை உயர்வுக்கு இந்த உழைப்பும் ஒரு காரணம். 2024ஆம் ஆண்டில் தேவை பெருகியதால், கியோட்டோவின் பெயர்பெற்ற கடைகளே விற்பனைக்கு வரம்பு விதித்தன.

வாங்கும்போது டின்னில் உள்ள 'செரிமோனியல்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானில் அதற்குச் சட்டப்படியான தர அளவு கிடையாது. உஜி, நிஷியோ, ககோஷிமா என விளைந்த ஊரின் பெயர் உள்ளதா, காலாவதித் தேதி என்ன, சீனியோ பால்மாவோ சேர்ந்துள்ளதா என்று பாருங்கள். நல்ல தூள் பளிச்சென்ற பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ தட்டினால் அது பழையதாகவோ தரம் குறைந்ததாகவோ இருக்கலாம். பாலில் கலக்கவும் கேக் செய்யவும் விலை குறைந்த தூளே போதும்.

காற்று, ஒளி, வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் மாட்சாவுக்குப் பகை. ஆகவே 20 அல்லது 30 கிராம் டின்னே சிக்கனம். இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பெலாச்சான் வாடை அண்டக் கூடாது. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் விட்ட பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் நம் நாட்டுக் காற்றின் ஈரம் தூளில் படிந்து கட்டி தட்டிவிடும். திறந்த டின்னை ஒரு மாதத்திற்குள் முடிப்பது நல்லது.

ஒரு கோப்பைக்கு 2 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி. அதைச் சலித்து, 70 மில்லிலிட்டர் வெந்நீர் ஊற்றுங்கள். கொதிநீர் கசப்பைக் கூட்டும். 80 பாகைக்கு ஆற்றிக்கொள்ளுங்கள். 'சாசென்' என்னும் மூங்கில் துடுப்பால், வட்டமாகச் சுழற்றாமல், முன்னும் பின்னுமாக வேகமாக அடித்தால் நுரை எழும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இதில் இலையையே அருந்துகிறோம். காஃபீனும் கூடவே வருகிறது. கர்ப்பிணிகள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். இரத்தசோகை உள்ளவர்கள், குறிப்பாகச் சைவ உணவினர், சாப்பாட்டுடன் சேர்த்து அருந்தாமல் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நலம்.

சிறிதாக வாங்கி, புதிதாக அருந்துங்கள். கொடுத்த காசு வீண்போகாது.