போகுமுன் கேட்போம், திரும்பினால் தாங்குவோம்
(டிரஸ்டின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





நம் ஊருக்குச் சபர் புதிதல்ல. அரபு நாட்டுச் சம்பாத்தியத்தில் எழுந்த வீடுகள் எல்லாத் தெருவிலும் உண்டு. ஆகவே வெளிநாடு போகாதீர்கள் என்று சொல்ல நாம் கூடவில்லை. 'கத்தாமா' வேலை என்று ஆசை காட்டி ஏழைப் பெண்களை அழைத்துப் போய் விற்றுவிடும் வியாபாரம் ஒன்று நடக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் கூடியிருக்கிறோம்.

கணவரை இழந்தவர், தலாக் ஆனவர், குமர் காரியத்துக்குக் கடன் பட்டவர், இவர்களைத் தேடித்தான் ஆள் வருகிறது. வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த முகம். சலாம் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார். "நீங்க ஒரு பைசா தர வேணாம்மா, டிக்கெட், விசா எல்லாம் அவங்க செலவு" என்பார். வீட்டுச் செலவுக்கென்று கொஞ்சம் முன்பணமும் கொடுப்பார். தூண்டில் முள் அந்த இலவசத்தில்தான் இருக்கிறது. அங்கே வேலைக்கு எடுக்கும் வீட்டுக்காரரிடம் ஏஜெண்ட் பெரும் தொகை வாங்கியிருப்பார். சம்பளம் தரவில்லை, அடிக்கிறார்கள், ஊருக்கு அனுப்புங்கள் என்று அந்தப் பெண் அழும்போது, "உனக்காகக் கொடுத்த பணத்தை வைத்துவிட்டுப் போ" என்பார்கள். பாஸ்போர்ட்டும் போனும் அப்போது அவர் கையில் இருக்காது.

இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பொதுவாக இ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதில் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அரசின் அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் ஏஜெண்ட் அவரை அனுப்ப முடியாது. நம் மாநிலத்தில் அதற்கென்று அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

இந்த வேலிகளைத் தாண்டுவதற்குக் கண்டுபிடித்த வழிதான் விசிட் விசா. சுற்றிப் பார்க்கப் போகிறவராகப் பெண்ணை விமானம் ஏற்றுவார்கள். துபாயில் இறக்கி, அங்கிருந்து ஓமானுக்கோ வேறு நாட்டுக்கோ கடத்துவார்கள். அரசுப் பதிவில் அவர் வேலைக்குப் போனவரே அல்ல. எந்த வீட்டில் இருக்கிறார் என்பது பெற்ற தாய்க்கும் தெரியாது.

படித்த பிள்ளைகளும் இந்த வலைக்குத் தப்பவில்லை. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022-இல் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2025 மார்ச்சில் இப்படிச் சிக்கிய 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன.

ஆகவே, புறப்படுமுன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். விசா வேலை விசாவா, விசிட் விசாவா? ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் பெயரும் சம்பளமும் எழுதியிருக்கிறதா? ஆண்பிள்ளைகளை அனுப்பும் ஏஜெண்டின் உரிம எண் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா? அவர் கேட்கும் கட்டணம் 30,000 ரூபாய்க்கும் ஜி.எஸ்.டி.க்கும் உட்பட்டதா? தாள்களைப் படிக்கச் சிரமமென்றால் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். நேர்மையானவர் காகிதத்தைக் காட்டுவார்.

மறுமையில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப்போவதாக அல்லாஹ் அறிவித்திருக்கும் ஹதீஸ், புகாரியில் பதிவாகியிருக்கிறது. அவர்களில் ஒருவர், சுதந்திரமான மனிதரை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவர். இன்னொருவர், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். நாம் பேசும் இந்த வியாபாரத்தில் இந்த இரண்டு பாவங்களும் இருக்கின்றன.

இனி நம்மைப் பற்றி. தப்பித்துத் திரும்பும் பெண்ணுக்கு ஊரில் என்ன கிடைக்கிறது? "அங்கே யார் வீட்டில் இருந்தாள்? ஏன் வெறுங்கையோடு வந்தாள்?" என்ற பேச்சு. இதற்குப் பயந்தே பல பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கிறார்கள். ஏஜெண்டுக்கும் இது தெரியும். "ஊருக்குப் போனா உன் பேர் என்னாகும்? உன் மகளை யார் கட்டுவா?" என்ற இரண்டு கேள்வி போதும், அவர் பிடி இறுகிவிடும். அந்தப் பிடிக்குப் பலம் கொடுப்பது நம் தெருப் பேச்சு. பேச்சை நிறுத்தினால் அவர் பலம் பாதியாகக் குறைந்துவிடும்.

"அவளாகத்தானே போனாள்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவின்படி, கடத்தல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. ஏமாற்றியோ, பலவீனத்தைப் பயன்படுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல. குறைந்தது ஏழாண்டுக் கடுங்காவல் தண்டனை உண்டு. வழக்கு நடத்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாகத் தரும்.

அடுத்தது கடன். வாங்கிய வட்டிக்கடன் அடையாமல் இருந்தால், அதே பெண் மறுபடியும் அதே ஏஜெண்டிடம் போய் நிற்பார். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர் உண்டு, பயணத்தில் வழியற்று நிற்பவர் உண்டு, அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவரும் உண்டு. உலமாக்களின் வழிகாட்டுதலோடு நம் பைத்துல்மாலில் இவர்களுக்கென ஒரு பங்கை ஒதுக்குவோம். ஒரு தையல் மெஷின், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, தேவைப்பட்டால் மனநல மருத்துவர். உதவியை இரகசியமாகச் செய்வோம். நன்றி சொல்ல மேடைக்கு அழைக்கவே வேண்டாம்.

யாராவது இப்போது சிக்கியிருந்தால், வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 எண்ணை அழையுங்கள். நம் தூதரகங்களில் 2009 முதல் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. தங்குமிடமும் விமான டிக்கெட்டும் அதிலிருந்து கிடைக்க வழியுண்டு. உள்ளூரில் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112.

அன்பானவர்களே, இன்றிரவு வீட்டில் உங்கள் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "எங்கே போனாலும், எந்த நிலையில் திரும்பினாலும் இது உன் வீடு." அந்த நம்பிக்கை இருக்கும் பெண்ணை மிரட்டிப் பிடித்து வைப்பது எளிதல்ல.

சிக்கியிருப்பவர்களை அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. திரும்பியவர்களின் மானத்தைக் காப்பவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.