நூலைப் பிடிக்கிற கை

(தோட்டச் சனசமூக நிலையக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



வழக்கமா நான் பேச வந்தால் கக்கூசு, கொதித்தாறிய தண்ணி, சேமலாப நிதி என்றுதான் பேசுவேன். இன்றைக்குப் பொம்மலாட்டம் பற்றிப் பேசப் போகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு வெசாக் விடுமுறையில் அம்பலாங்கொடைக்குப் போயிருந்தேன். அங்கேயும், பலப்பிட்டிய, மிரிஸ்ஸ பக்கங்களிலும் நூல் பொம்மலாட்டத்தைச் சில குடும்பங்கள் பரம்பரையாகச் செய்து வருகின்றன. ‘கம்வாரி’ பரம்பரை என்பார்கள். சிங்களத்தில் இதற்கு ‘ரூகட’ என்று பெயர். 2018இல் யுனெஸ்கோ இந்தக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முன்னால் உட்கார்ந்து பார்த்தால் ராஜா கம்பீரமா நடந்து வருகிறார். ஆட்டம் முடிந்து திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். உயரமான பலகைத் தட்டில் நின்று, குனிந்தபடியே, அந்த ஒரு ராஜாவுக்கு இரண்டு பேர் நூல் பிடித்திருக்கிறார்கள். சட்டை தொப்பலா நனைந்திருக்கிறது. கொழுந்துக்கூடை சுமக்கிற நமக்கு அந்த முதுகுவலியை விளக்கத் தேவையில்லை.

அவர்களில் மூத்தவர் என்னோடு கொஞ்ச நேரம் பேசினார். பகலில் தச்சு வேலை. பாரமில்லாத மரத்தில் தலை, கை, கால் செதுக்கி, வர்ணம் பூசி, மூட்டு மூட்டா இணைப்பது அவர். உடுப்புத் தைப்பது சம்சாரம். பாட்டும் மேளமும் சொந்தக்காரர்கள். சின்ன வயதில் தகப்பனார் அவரிடம் பொம்மையைக் கொடுக்கவில்லையாம். சிக்கு விழுந்த நூலைப் பிரிக்கத்தான் விட்டாராம். “அதுக்கே ரெண்டு வருஷம் போச்சு மாத்தயா” என்று சிரித்தார். மகன் கொரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்லவில்லை. பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார்.

இது நமக்கும் தூரத்துச் சொந்தம்தான். அந்த ஆட்டத்தில் பாடுகிற நாடகப் பாட்டு முறை தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்கிறார்கள். சிங்கள நாடகத்தில் முதலில் வருகிற கோமாளிக்குப் பெயரே ‘கோணங்கி’தான். நம்ம பாட்டன் பூட்டன் வந்த தஞ்சாவூர்ப் பக்கம், கும்பகோணத்திலும் பொம்மலாட்டம் உண்டு. அங்கே பொம்மை பத்துக் கிலோ வரை இருக்கும். நூலை ஒரு வளையத்தில் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு ஆட்டுவார்கள். செதுக்குகிற மரம் கல்யாண முருங்கை. நம்ம மலையில் தேயிலைக்கு நிழலுக்கு நட்டிருக்கிறதே முருக்கு, அதன் இனம்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். நம்ம மேல் டிவிசனில் காமன் கூத்துக்குப் பாடிய தாத்தா ஒருவர் இருந்தார். “ஐயா, எனக்கு எழுத வராது, நீங்க ஒரு கொப்பியில எழுதி வையுங்க” என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். மாசி வரட்டும் தாத்தா என்றேன். ஆபீசில் படிவம் குவிந்து கிடந்தது, உண்மைதான். ஆனால் அவர் வீட்டு லயம் ஆபீசிலிருந்து பத்து நிமிஷ நடைதான். மாசி வருவதற்குள் அவர் போய்விட்டார். அம்பலாங்கொடையில் அந்தப் பெட்டியை மூடும்போது எனக்கு அவர் முகம்தான் வந்தது.

அவரோடு பின்பாட்டுப் பாடிய பாட்டிமார் இரண்டு பேர் இங்கேயே முன்வரிசையில் இருக்கிறார்கள். தப்படிக்கிற மாமாவும் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்கள் பாடுவார்கள். பிள்ளைகள் எழுத வேண்டும். கொப்பியும் பேனாவும் நான் தருகிறேன். கணக்கப்பிள்ளை ஐயாவிடம் கேட்டு, கொப்பு வெட்டும்போது நல்ல முருக்குக் கட்டை நாலைந்து எடுத்து வைத்திருக்கிறேன். கத்தி பிடிக்கத் தெரிந்த தம்பிமார் வாருங்கள். முதலில் ரதி, மன்மதன் இரண்டு தலையாவது செதுக்கிப் பார்ப்போம். மூக்குக் கோணினாலும் பரவாயில்லை.

பாட்டிமாருக்கு தேத்தண்ணி என் கணக்கு.