முதுமைக்கு மருந்தில்லை, தசை மெலிவுக்கு உண்டு

(ஜும்ஆ பயானின் சுருக்கம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

தக்பீர் கூறுவதற்கு முன் ஸஃப்பைத் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம், ஓரத்தில் போடப்பட்டுள்ள நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகி வருவதைக் காண்கிறேன். நிற்க இயலாதோர் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. அதில் குறை காண எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், துணி ரோல்களைத் தோளில் சுமந்து இந்நகரின் பனியன் தொழிலை வளர்த்த கால்கள், இன்று ஸஜ்தாவிலிருந்து எழ இயலாமல் போனது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டும்.

பலவீனமான நிலையில் படைத்து, பின் பலத்தைத் தந்து, அதன்பின் பலவீனத்தையும் நரையையும் தருபவன் தானே என்று அல்லாஹ் சூரத்துர் ரூமில் (30:54) உணர்த்துகின்றான். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு ஏவிய நபி (ஸல்) அவர்கள், முதுமை ஒன்றைத் தவிர மற்ற நோய்கள் அனைத்துக்கும் மருந்துண்டு என்ற கருத்தையும் கூறியுள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதி). இதைக் கேட்கும் சிலர், "வயதாகிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிடுகின்றனர். முதுமை வேறு, முதுமையில் வரும் நோய் வேறு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

வயதோடு தசை கரைவதற்கு 1989-ஆம் ஆண்டு 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார் அமெரிக்க அறிஞர் ரோசன்பர்க். 2016-இல் அந்நாட்டு நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு அளிக்கப்பட்டது. ஆகவே இது வெறும் வயதன்று. கவனிக்கப்பட வேண்டிய நோய்.

இதற்குரிய மருந்து மாத்திரையன்று, பயிற்சி. 1990-இல் பாஸ்டனில் தொண்ணூறு வயதையொட்டிய தளர்ந்த முதியோர் சிலருக்கு எட்டு வாரங்கள் பளு தூக்கும் காற்பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய தசை வலிமை இரு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது. 1994-இல் நூறு முதியோரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் அருந்தியோருக்கு வலிமை கூடவில்லை என்பதும் தெரிய வந்தது.

நம் வீடுகளில் நடப்பதென்ன? மகன் ஷிப்டுக்குச் செல்கிறான். "அத்தா, நீங்கள் எழ வேண்டாம், எல்லாம் கட்டிலுக்கே வரும்" என்கிறான். அவனுடைய எண்ணம் நல்லது, விளைவோ தீங்கு. ஆரோக்கியமான முதியோரே பத்து நாட்கள் படுக்கையில் இருந்தபோது, கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அத்தாவை உட்கார வைப்பது மட்டும் பணிவிடையாகாது. கை கொடுத்து எழுப்பி நடக்க வைப்பதும் பணிவிடையே.

நாற்காலியையே பயிற்சிக் கருவியாக்கலாம். சுவரோரம் அசையாமல் வைத்து, அருகில் ஒருவர் நிற்க, மெதுவாக எழுந்து அமரலாம். முதலில் கைப்பிடியை ஊன்றியும், பின்னர் ஊன்றாமலும் செய்யலாம். வாரத்தில் இரு நாட்களேனும் தசைக்குப் பயிற்சி, மூன்று நாட்களேனும் சமநிலைப் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவை அன்றாட உணவில் இடம்பெறட்டும். ரமளானில் கஞ்சியோடு நிறுத்திவிடாமல், இஃப்தாரிலும் ஸஹரிலும் இவற்றைச் சேர்க்க வேண்டும். சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும். இதய நோயுள்ளோரும், கீழே விழுந்தோரும் இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையிலேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

முதியோர் நல மருத்துவத்தில் முன்னோடி நம் தமிழகம். இத்துறையில் இந்தியாவின் முதல் பேராசிரியரான டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவர வகை செய்தது. கூச்சப்படாமல் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தொழுகை இபாதத்; அதை உடற்பயிற்சியாகக் கருதிவிடக் கூடாது. ஆனால் நின்று தொழ வேண்டும் என்ற ஆசையோடு கால்களுக்கு வலிமை தேடுவது நன்மையான நிய்யத்தாகும். இயலாமையை விட்டும் தள்ளாத முதுமையை விட்டும் நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். நாமும் தேடுவோம், துஆவோடு முயற்சியையும் சேர்ப்போம். நம் பெற்றோரின் கால்களுக்கு வல்ல அல்லாஹ் வலிமையைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.